வேண்டாம் என்று சொல்லும் விருந்தாளி

(தீபாவளிக்கு முந்திய வாரம், இரத்தினபுரி மாவட்டத் தோட்டமொன்றின் கோயில் மண்டபத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தீபாவளி அட்வான்ஸ் கைக்கு வந்துவிட்டது. இனி லயத்தில் எந்த வீட்டுப் பக்கம் போனாலும் மா இடிப்பதும் முறுக்குப் பிழிவதும்தான் பேச்சு. கொழும்புக்கு வேலைக்குப் போன பிள்ளைகள் வருவார்கள். கட்டிக்கொடுத்த மகள் மாப்பிள்ளையோடும் பேரப்பிள்ளையோடும் வருவாள். பக்கத்துக் கிராமத்துச் சிங்களக் குடும்பங்களுக்குத் தட்டுத் தட்டாகப் பலகாரம் போகும். இந்த நேரம் பார்த்து உணவு ஒவ்வாமையைப் பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறீர்கள். அதற்காக முதலில் கோயில் கமிட்டிக்கு நன்றி சொல்கிறேன்.

நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. நம் வீட்டுக்கு வந்தவர் ஒரு பண்டத்தை வேண்டாம் என்றால், அந்தச் சொல்லை அந்த இடத்திலேயே மதித்து ஏற்க நாம் பழக வேண்டும். தனிச் சட்டி, தனிக் கரண்டி, மருந்து, ஆம்புலன்ஸ் எல்லாம் தேவைதான். ஆனால் இந்த ஒரு பழக்கம் இல்லாவிட்டால் அவை ஒன்றும் உதவாது.

முதலில் நோயைப் பார்ப்போம். நம் பாட்டிமார் கரப்பான் என்பார்கள், ஒடம்புக்குச் சேராது என்பார்கள், பிள்ளைகள் அலர்ஜி என்பார்கள். கிருமியை எதிர்க்க உடம்பில் இருக்கும் பாதுகாப்பு, சிலருக்கு மட்டும், பாலையோ முட்டையையோ இறாலையோ கச்சானையோ எதிரியாக எடுத்துக்கொள்கிறது. அந்த உணவின் புரதம் சிறு துளி உள்ளே போனாலும் போதும். உதடு தடிக்கும், உடம்பெல்லாம் தடிப்பு எழும்பும், வாந்தி வரும். கடுமையாகப் போனால் குரல் கம்மி, மூச்சு இழுத்து, இரத்த அழுத்தம் விழுந்து ஆள் மயங்கிவிடுவார்.

1901இல் பிரெஞ்சு விஞ்ஞானிகளான ஷார்ல் ரிஷேயும் போல் போர்ட்டியேயும் கடல் உயிரினங்களின் நஞ்சை நாய்களுக்குக் கொடுத்துப் பார்க்கத் தொடங்கினார்கள். முதல் தடவை தாங்கிக்கொண்ட நாய், சில வாரம் கழித்து மிகச் சிறிய அளவு கொடுத்ததும் அரை மணி நேரத்துக்குள்ளேயே செத்துப்போனது. அந்தக் கண்டுபிடிப்புக்காக 1913இல் ரிஷேக்கு நோபல் பரிசு கிடைத்தது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், போன வருஷம் சாப்பிட்டாளே, ஒன்றும் ஆகவில்லையே என்று நாம் பேசுகிறோம். போன வருஷம் ஒன்றும் ஆகாதது இந்த வருஷத்துக்குச் சாட்சியாகாது. போன தடவை தடிப்போடு நின்றது இந்தத் தடவை மூச்சுக்குழாய் வரை போகலாம்.

ஒவ்வாமை போலவே தோன்றும் வேறு இரண்டு விஷயங்களையும் பிரித்துப் பார்க்க வேண்டும். பால் குடித்தால் வயிறு ஊதி வயிற்றோட்டம் போகிறவர்கள் பலர் இருக்கிறார்கள். பாலில் உள்ள சீனிச் சத்தைச் செரிக்க முடியாததால் வருவது அது. தொல்லைதான், ஆனால் மூச்சை நிறுத்தாது. மற்றது மீன். கடற்கரையிலிருந்து நம் மலைக்கு வந்துசேர்வதற்குள் ஐஸ் போதாமல் போன கெலவல்லாவிலும் பலயாவிலும் ஹிஸ்டமின் என்ற பொருள் பெருகிவிடும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது அழியாது. அந்த மீனைத் தின்ற பலருக்கும் ஒரே நேரத்தில் முகம் சிவந்து தலை இடித்தால் பழுது மீனில். எல்லாரும் சாப்பிட்டு ஒருவருக்கு மட்டும் வந்தால் ஒவ்வாமையை நினைக்க வேண்டும். எதுவானாலும் மூச்சு முட்டினால் காரணம் தேடிக்கொண்டு நிற்கக் கூடாது, வைத்தியசாலைக்குத்தான் போக வேண்டும்.

இனி நம் அடுப்படிக்கு வருவோம். ஆபத்து பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் இடம் இதுதான்.

சம்பலை எடுங்கள். தேங்காய், மிளகாய், வெங்காயம், தேசிக்காய் என்றுதான் சொல்வோம். மாசிக் கருவாடு போட்டதைச் சொல்ல நமக்குத் தோன்றுவதே இல்லை, ஏனென்றால் மாசி இல்லாமல் சம்பலா என்று நினைக்கிறோம். கடையில் வாங்கும் சீனிச் சம்பலிலும் பெரும்பாலும் மாசி உண்டு. மீன் ஒத்துக்கொள்ளாத ஒருவர், மீன்கறியைத் தள்ளிவைத்துவிட்டு, இது மரக்கறிதானே என்று சம்பலைத் தொட்டுச் சாப்பிடுவார். மரக்கறிச் சாப்பாட்டில் கூனி இறால் தூவிய சுண்டலும் அப்படித்தான். நம் கையால் நாமே கொடுத்த ஆபத்து அது.

சோயா மீட் நம் வீடுகளில் வாரத்துக்கு ஒரு தடவையாவது கொதிக்கிறது. பெயரிலேயே சோயா இருக்கிறது, அது ஒத்துக்கொள்ளாதவருக்குத் தெரியும். ஆனால் கூடவே வரும் சுவைத்தூள் பக்கெட்டில் என்ன இருக்கிறதென்று யார் பார்க்கிறோம்? பொங்கலில் கஜு, நெய், பால். முறுக்கு மாவில் எள்ளு. தாளிப்பில் நல்லெண்ணெய், அதுவும் எள்ளுதான். மிக்சரில் கச்சான். கேக்கில் முட்டை, மாஜரினில் சில வேளை பால். பிள்ளைக்குக் கொடுக்கும் பிஸ்கட்டில் பால்மா. தேங்காய் ஒத்துக்கொள்ளாத ஆளும் நம் நாட்டில் உண்டு, அரிதுதான். நம் சமையலில் தேங்காய்ப்பால் சேராத கறியே குறைவு என்பதால் அந்த ஒருவருக்கு ஒவ்வொரு வீடும் கஷ்டம்.

எள்ளை லேசாக நினைக்காதீர்கள். 2016இல் இலண்டனிலிருந்து பிரான்சுக்கு விமானத்தில் போன நடாஷா என்ற 15 வயதுப் பிள்ளை, விமான நிலையத்தில் வாங்கிய சாண்ட்விச் ஒன்றைச் சாப்பிட்டாள். ரொட்டி மாவுக்குள் எள்ளுச் சேர்த்திருந்தது உறையில் எழுதப்படவில்லை. தகப்பனார் உடனே அட்ரினலின் ஊசி இரண்டு போட்டும் பிள்ளை பிழைக்கவில்லை. அதற்குப் பிறகுதான் கடையிலேயே செய்து பொதி கட்டி விற்கும் சாப்பாட்டுக்கும் எல்லாச் சேர்க்கையையும் எழுத வேண்டும் என்ற சட்டம் 2021 ஒக்டோபரில் பிரித்தானியாவில் நடைமுறைக்கு வந்தது. நடாஷா சட்டம் என்றே அதைச் சொல்கிறார்கள். அமெரிக்காவிலும் 2023 முதல் எள்ளைப் பொதியில் எழுதியாக வேண்டும். நம் வீட்டுச் சட்டியில் உறை கிடையாது. சமைத்தவர் வாய்தான் அதன் உறை.

அடுத்தது பொரிக்கும் தாச்சி. தீபாவளிக் காலை. அடுப்பில் ஒரே ஒரு பெரிய தாச்சி, ஒரே எண்ணெய். முதலில் இறால் வடை பொரித்தாயிற்று. இறால் வால் உடைந்து கறுத்த துகள்கள் எண்ணெயின் அடியில் சுழன்றுகொண்டிருக்கின்றன. அதே எண்ணெயில் உளுந்து வடை இறங்குகிறது. அதே கண்கரண்டியால் அள்ளி, இறால் வடை கிடந்த அதே தட்டில் பேப்பரை மட்டும் மாற்றிப் போடுகிறோம். பார்ப்பதற்கு அது சுத்தமான உளுந்து வடை. இறால் ஒத்துக்கொள்ளாத மருமகனுக்கு அது இறால் வடைதான். இறாலின் ஒவ்வாமைப் புரதம் சூட்டுக்கு அழியாது. கச்சானின் புரதமும் வறுத்தால் போகாது. நன்றாகப் பொரித்துவிட்டால் ஒன்றும் செய்யாது என்ற நம்பிக்கையை இன்றோடு விட்டுவிடுங்கள்.

வழி சுலபம். செலவும் இல்லை. ஒத்துக்கொள்ளாத பொருள் சேராத பலகாரத்தை முதலில் பொரியுங்கள், புது எண்ணெயில், கழுவிய தாச்சியில். அதைத் தனி டின்னில் போட்டு மூடி, பேர் எழுதி, உயரத்தில் வையுங்கள். அதன் பிறகு மற்றதைச் செய்யுங்கள். அம்மியும் அரைக்கும் மிக்சியும் அப்படியே. கச்சான் அரைத்தால் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவாமல் வேறு எதையும் அரைக்காதீர்கள். கையையும் சவர்க்காரம் போட்டுத்தான் கழுவ வேண்டும். வெறும் தண்ணீரில் அலசினாலும், கைக்குத் தடவும் கிருமிநாசினி ஜெல்லைப் பூசினாலும் கச்சான் புரதம் கையிலேயே தங்குவதைச் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள்.

பரிமாறும்போது அந்த விருந்தாளிக்கு முதலில் போடுங்கள். பந்தி நடுவில் வந்தால் பருப்புக் கரண்டி சம்பலுக்குள் போய், சம்பல் கரண்டி சோற்றுக்குள் வந்திருக்கும். பக்கெட்டில் உள்ள சிறிய எழுத்து நமக்கு விளங்காவிட்டால், ஆங்கிலம் படிக்கும் பிள்ளையிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். வெறும் பக்கெட்டை விருந்து முடியும் வரை எறியாதீர்கள். கேட்டால் எடுத்துக் காட்டலாம்.

இப்போது நான் முதலில் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். இவ்வளவும் செய்யலாம். ஆனால் விருந்தாளி வேண்டாம் என்றதும் நாம் என்ன செய்கிறோம்? ஒரு வாய், எனக்காக என்கிறோம். கொஞ்சம் தின்றால் என்ன வரப்போகிறது என்கிறோம். அம்மா பார்க்காதபோது பிள்ளையின் வாயில் ஒரு துண்டை ஊட்டிவிடுகிறோம். பாசத்தில்தான் செய்கிறோம். அந்தப் பாசம்தான் இங்கே ஆபத்து.

நம் தோட்டங்களில் இந்த வேண்டாம் என்ற சொல்லுக்கு வேறு ஒரு பாரம் இருக்கிறது. அதைப் பேசாமல் நான் போக முடியாது. இன்னார் வீட்டில் கை நனைப்பதில்லை என்ற சாதி வழக்கம் நம் முன்னோர் கடல் தாண்டி வந்தபோது கூடவே வந்தது. லயத்தில் ஒரே கூரைக்குக் கீழே இருந்தும், ஒரே மலையில் கொழுந்து பறித்தும், அடுத்த காம்பராவில் தண்ணீர் வாங்கிக் குடிக்காதவர்கள் இருந்தார்கள். ஆகையால் ஒருவர் நம் வீட்டுச் சாப்பாட்டைத் தொடாவிட்டால், நம்மைத் தாழ்வாக நினைக்கிறார் என்று மனம் உடனே அந்தப் பக்கம் போகிறது. சம்பந்தி வீடென்றால் சொல்லவே வேண்டாம். ஒவ்வாமை உள்ளவருக்கும் இது தெரியும். தப்பாக நினைப்பார்களே என்று பயந்து, வாய் திறக்காமல், கேட்காமல் சாப்பிட்டுவிடுகிறார். பழைய கொடுமை ஒன்று விட்டுப்போன காயம், இன்றைக்கு ஒரு நோயாளியின் வாயை மூடுகிறது.

இதற்கு மருந்து நம்மிடம்தான். கேள்வி வீட்டுக்காரர் வாயிலிருந்து வர வேண்டும். அழைக்கும்போதே, தொலைபேசியிலேயே, மாப்பிள்ளைக்கு, பிள்ளைக்கு எதாவது ஒத்துக்காதா, சொல்லுங்க, அது இல்லாமல் செய்கிறேன் என்று கேளுங்கள். நாம் கேட்டுவிட்டால் அவர் சொல்வது மறுப்பாகாது, பதிலாகும். விருந்தாளியாகப் போகிறவர்களும் ஒரு நாள் முன்பே சொல்லிவிடுங்கள். பந்தியில் உட்கார்ந்த பிறகு சொன்னால் சமைத்தவருக்கும் சங்கடம், உங்களுக்கும் ஆபத்து. சாப்பாட்டில் என்ன இருக்கிறதென்று வீட்டுக்காரருக்கே நிச்சயமில்லை என்றால், தெரியாது, இதைச் சாப்பிட வேண்டாம் என்று சொல்வதுதான் மரியாதை. வாழைப்பழமும் பிளேன்டீயும் கொடுத்து உபசரித்தாலும் அது குறைவான உபசரிப்பாகாது.

இவ்வளவு கவனத்துக்குப் பிறகும் நடந்துவிட்டால்? அப்போது நேரம்தான் எல்லாம். பிரித்தானியாவில் ரிச்சர்ட் பம்ப்ரி என்ற மருத்துவர் கடும் ஒவ்வாமையால் இறந்தவர்களின் பதிவுகளை ஆராய்ந்து 2000இல் எழுதினார். உணவால் வந்த மரணங்களில் மூச்சோ இதயமோ நின்றுபோக எடுத்த நேரத்தின் நடு அளவு 30 நிமிடம். நம் மேல் டிவிஷனிலிருந்து பெரிய றோட்டுக்கு இறங்கவே சில தோட்டங்களில் அவ்வளவு நேரம் ஆகும். பலாங்கொடை ஆதார வைத்தியசாலைக்கோ, கரவனெல்லைக்கோ, இரத்தினபுரி, கேகாலை போதனா வைத்தியசாலைகளுக்கோ அதற்கு மேல் போக வேண்டும். அதனால் பார்ப்போம், கொஞ்சம் தணியும் என்று காத்திருக்கக் கூடாது.

உயிர் காக்கும் மருந்து அட்ரினலின். தொடையின் வெளிப்பக்கச் சதையில் போடும் ஊசி. பிரிட்டோன் என்ற அலர்ஜிக் குளிசை அரிப்பைக் குறைக்கும், மூச்சு அடைப்பதை நிறுத்தாது. குளிசையைக் கொடுத்துவிட்டுத் தூங்க வைக்கிற பழக்கத்தால் உயிர் போகும். உடனே 1990க்கு அழையுங்கள். சுவசெரிய ஆம்புலன்ஸ் 2016இல் இந்திய அரசின் உதவியோடு மேல், தென் மாகாணங்களில் தொடங்கியது. பிறகு நம் மாகாணம் உட்பட நாடெங்கும் வந்துவிட்டது, இலவசம். அது வரும் வரை தோட்டத்து டிஸ்பென்சரிக்கு ஓடிப் போய் வைத்தியரைக் கூட்டி வாருங்கள்.

மிக முக்கியமான ஒன்று. நோயாளியை எழுப்பி நடத்திக் கொண்டுபோகாதீர்கள். இரத்த அழுத்தம் விழுந்தவர் நிமிர்ந்தால் இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறைந்து உயிர் போகலாம் என்று அதே பம்ப்ரி 2003இல் எழுதினார். படியிலும் ஒற்றையடிப் பாதையிலும் இரண்டு பேர் கைத்தாங்கலாக இறக்குவது நம் வழக்கம். அதை விட்டுவிட்டு, கம்பளியிலோ கட்டில் பலகையிலோ படுக்க வைத்து, காலைச் சற்று உயர்த்தித் தூக்கிக் கொண்டு போங்கள். மூச்சு விட மிகவும் கஷ்டப்படுபவரை மட்டும் காலை நீட்டி உட்கார்ந்தபடி வையுங்கள். வாந்தி எடுத்தால் பக்கவாட்டில் திருப்புங்கள். ஊசி போட்டு நன்றாகிவிட்டாலும் வைத்தியசாலையில் சில மணி நேரம் இருக்கத்தான் வேண்டும். தணிந்தது மறுபடி கிளம்புவதுண்டு.

இவ்வளவு கேட்டதும், சரி, முட்டை மீன் பால் ஒன்றும் வேண்டாம், பிள்ளைகளுக்குக் கொடுக்கவே மாட்டோம் என்று ஒரு தாய் நினைத்துவிடக் கூடாது. அது இன்னொரு கேடு. 2016ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வுப்படி, தோட்டப் பகுதியில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 100க்கு 32 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். நாடு முழுவதற்கும் அந்தக் கணக்கு 17. நம் பிள்ளைகளுக்கு முட்டையும் மீனும் பாலும் கூடுதலாகத் தேவை. ஒரு தடவை உடம்பில் சொறி வந்ததற்காக, ஊரார் சொன்னார்கள் என்பதற்காக உணவை வெட்டிவிடாதீர்கள். வைத்தியரிடம் காட்டுங்கள். தேவையென்றால் கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்தில் இரத்தப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள்.

உணவைத் தள்ளிப்போடுவதே ஒவ்வாமையை வளர்ப்பதும் உண்டு. இலண்டனில் நடந்து 2015இல் வெளியான ஆய்வு ஒன்றில், கடும் எக்ஸிமா என்ற தோல் அழற்சியோ முட்டை ஒவ்வாமையோ இருந்த 640 குழந்தைகளைப் பார்த்தார்கள். சிறு வயதிலிருந்தே கச்சான் கலந்த உணவு தின்ற பிள்ளைகளுக்கு, தவிர்த்த பிள்ளைகளைவிடக் கச்சான் ஒவ்வாமை ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே வந்தது. முழுக் கச்சானைக் குழந்தைக்குக் கொடுத்துவிடாதீர்கள், தொண்டையில் சிக்கும். கடும் எக்ஸிமா உள்ள குழந்தைக்கு வைத்தியர் சொல்லித்தான் தொடங்க வேண்டும். பொதுவாக, பயத்தில் விலக்குவதும் தவறு, தெரிந்தும் திணிப்பதும் தவறு.

கோயில் கமிட்டிக்கு ஒரு சொல். திருவிழா அன்னதானத்தில் யார் வந்து உட்காருகிறார்கள் என்று நமக்குத் தெரியாது. ஒவ்வொருவரையும் கேட்க முடியாது. ஆகவே பாத்திரத்தின் பக்கத்தில் ஒரு அட்டை வையுங்கள், தமிழிலும் சிங்களத்திலும்: பால் உண்டு, கஜு உண்டு, எள்ளு உண்டு, கோதுமை உண்டு. ஒலிபெருக்கியில் ஒரு தடவை சொல்லுங்கள். வெசாக்குக்கு நம் அயலவர்கள் தன்சல் போடும்போது பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் பதிந்து அனுமதி வாங்குகிறார்கள். அதே அதிகாரியை நம் சமையற்கட்டுக்கும் கூப்பிட்டு ஒரு நாள் இளைஞர்களுக்குப் பாடம் சொல்ல வையுங்கள்.

தோட்டத் தலைவர்மாரிடம் ஒரு கேள்வி. நம் டிஸ்பென்சரி அலமாரியில் அட்ரினலின் இருக்கிறதா? அது காலாவதியாகாததா? பண்டிகை நாளில் அங்கே யார் இருப்பார்கள்? சம்பளத்துக்கும் லீவுக்கும் நிர்வாகத்தோடு பேசுகிற உங்களால் இதையும் பேச முடியும். இது சலுகை கேட்பதல்ல, தொழிலாளியின் உயிருக்கான உரிமை.

நண்பர்களே, இந்தத் தீபாவளிக்கு மூன்று காரியம் செய்யுங்கள். அழைக்கும்போது ஒத்துக்காதது என்ன என்று கேளுங்கள். பரிமாறும்போது என்ன சேர்த்திருக்கிறது என்று சொல்லுங்கள். வேண்டாம் என்றவரை வற்புறுத்தாதீர்கள். இலையில் மிச்சம் விட்டதற்காக வந்தவரை யாரும் கோபிக்க வேண்டாம். வந்தவர் வந்தபடியே நல்லபடியாக வீடு போய்ச் சேருவதுதான் நாம் போட்ட விருந்தின் வெற்றி. அனைவருக்கும் தீபாவளி வாழ்த்துகள். வணக்கம்.